ஜப்பானுக்குப் போன நம் கரைப் பூக்கள்

வெயில் கொளுத்தும்போது எந்தப் படத்தைப் பார்த்தால் உங்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்? அருவியா, பனிமலையா?

ஜப்பானியர்கள் இதைத் துணியிலேயே செய்து காட்டினார்கள். அவர்களின் பாரம்பரிய உடை கிமோனோ. கோடைக்கென்று 'ரோ', 'ஷா' என்னும் மெல்லிய பட்டு வகைகள் உண்டு. நுண்ணிய இடைவெளி விட்டு நெய்வதால் காற்று உள்ளே புகும். அதில் ஓடும் நீர், தும்பி, மின்மினி, இலையுதிர்காலப் புற்கள், ஏன், பனிகூட இடம் பெறும்! வரப்போகும் குளிர்ந்த பருவத்தைக் கண் பார்த்தால் மனமும் குளிரும் அல்லவா?

துணியில் இயற்கையை வரைவதில் நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஜப்பானியர்களே ஆசையாக வாங்கிய பூத்துணி நம் கரையிலிருந்து போனது.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் சேரும் இடத்தில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் இதுவே அவர்களின் தலைமையிடம். இக்கரையின் பருத்தித் துணிகள் அவர்களுடைய கப்பல்களில் ஜாவாவுக்கும், அங்கிருந்து ஜப்பானின் நாகசாகிக்கும் சென்றன.

பூத்துணி எப்படித் தயாரானது தெரியுமா? துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் வரைவார்கள். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும்! நீலத்துக்கு அவுரி. நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடிவிடுவார்கள்.

ஜப்பானியர்கள் இத்துணியைச் 'சரசா' என்றார்கள். விலை அதிகம் என்பதால் சிறு துண்டைக்கூட வீணாக்காமல், தேநீர்க் கிண்ணம் வைக்கும் பையாகத் தைத்துப் பாதுகாத்தார்கள். பின்னர் அதைப் பார்த்துத் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள்.

1868-ல் ஜெர்மனியில் சாயவேரின் சிவப்பைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதன்பின் வேரைத் தேடுவோர் குறைந்தனர். ஆனால் ஊர்ப்பெயர் மறையவில்லை. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றே பெயர். பழவேற்காட்டின் ஆங்கிலப் பெயரான 'புலிகாட்'தான் அது!

ஒரே ஒரு வருத்தம். அந்தப் பூக்களை வரைந்த கைவினைஞர்கள் யார் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கோடைக்கு நீங்கள் ஒரு துணி வடிவம் வரையுங்களேன். பழவேற்காட்டுப் பூநாரையா, ஏரி அலையா, உங்கள் வீட்டு வேப்பம்பூவா? எதுவானாலும் சரி, ஓரத்தில் உங்கள் பெயரை எழுத மறந்துவிடாதீர்கள்!