வந்தவாசிக்கு வந்த ஐரிஷ் வீட்டுப் பிள்ளைகள்

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் வம்ச மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செம்பூர் வீட்டில் வந்தவாசிக் கோரைப்பாயை விரித்து, அதன்மேல் சார்ட் பேப்பரைப் போட்டு உட்கார்ந்தோம். அவள் பெயர், அவள் அப்பன் பெயர், என் பெயர் எழுதியாயிற்று. என் அப்பா ரயிலேறித் தாராவிக்கு வந்து, பிறகு செம்பூருக்கு ஜாகை மாற்றியவர். அவருடைய அப்பா பெயர் தெரியும். அதற்கு முந்தையவருக்கு ஊரில் பட்டப்பெயர்தான் மிச்சம். அதற்குமேல் காகிதம் வெள்ளை.

"அவ்ளோதானா தாத்தா?"

அவ்வளவுதான் கண்ணு. ஆனால் எங்கள் ஊர் ஏரிக்கரையில் சண்டை போட்ட ஒருவருடைய வம்சத்தை 1600 வரை பின்னால் போய் என்னால் சொல்ல முடியும். ரிடையர் ஆனபிறகு பிடித்துக்கொண்ட கிறுக்கு இது. வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை, உங்களிடமாவது சொல்கிறேன்.

அயர் கூட் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள்: 1760, வந்தவாசிப் போர், பிரெஞ்சுக்காரர் தோல்வி. அவரை ஆங்கிலேயர் என்றே நாம் நினைக்கிறோம். பிறந்தது 1726-ல் அயர்லாந்தில், லிமெரிக் மாவட்டத்தின் கில்மாலக் பக்கம், ஆஷ் ஹில் என்ற வீட்டில். அப்பா சிட்லி கூட் பாதிரியார், அம்மா ஜேன் இவான்ஸ். இரண்டு பக்கமும் நிலக்காரக் குடும்பம். 'லேண்டட் ஜென்ட்ரி' என்பார்கள். நம்மூர்க் கணக்கில், தானே ஏர் பிடிக்காமல் குத்தகை வாங்கிச் சாப்பிடும் மிராசுதார்.

அந்த நிலம் எப்படி வந்தது என்பதுதான் கதை. சார்லஸ் கூட் என்ற சிப்பாய் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போய், 1601-ல் கின்சேல் போரில் நின்று, உத்தியோகமும் நிலமும் சேர்த்து, 1621-ல் பாரனெட் பட்டம் வாங்கினார். 1641-ல் ஐரிஷ்காரர்கள் கிளர்ந்தபோது அவர் அடக்கிய விதம் கொடூரமானது. மறுவருஷம் ட்ரிம் என்ற ஊரில் குண்டடிபட்டுச் செத்தார். மூத்த மகன், மன்னராட்சியைக் கவிழ்த்த கிராம்வெல் காலத்தில் கிராம்வெல் பக்கம், மன்னராட்சி திரும்பியதும் மன்னர் பக்கம். 1660-ல் ஏர்ல் பட்டம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம்ம அயர் கூட் அந்த வம்சத்தின் கிளையில் வந்தவர்.

இப்போது எதிர்ப்பக்கம் வாருங்கள். வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி தோமா ஆர்தர் லாலி. பெயரைக் கேட்டால் பிரெஞ்சு. பிறந்ததும் பிரான்சில்தான், 1702-ல். அப்பா ஜெரார்டு லாலியோ அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில், டூவம் பக்கத்துப் பழைய கத்தோலிக்க நிலக்காரக் குடும்பம். 1691-ல் லிமெரிக் நகரம் விழுந்ததும் தோற்ற கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸின் ஐரிஷ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்குக் 'காட்டு வாத்துகள்' என்று பெயர். லாலி குடும்பமும் அந்தக் கூட்டத்தோடு போனதுதான்.

அயர்லாந்து நிலத்தில் கத்தோலிக்கர் கையில் இருந்தது 1641-ல் நூற்றுக்கு 60 பங்கு மாதிரி. 1703-ல் 14. மிச்சம் இருந்ததையும் கரைக்க 1704-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கத்தோலிக்கர் செத்தால் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். மூத்தவன் புராட்டஸ்டண்டாக மாறினால் முழுவதும் அவனுக்கே. பாகப்பிரிவினைக்காகக் கோர்ட் படியேறியவர்களுக்கு இதன் விஷம் புரியும். அண்ணன் தம்பியை எதிரியாக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

புராட்டஸ்டண்ட் வீடுகளில் வேறு விதி: எல்லாம் மூத்தவனுக்கு. இளையவர்கள் பாதிரியாகலாம், பட்டாளத்துக்குப் போகலாம், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலேறலாம். அயர் கூட் இளைய பிள்ளை. 1754-ல் 39-ஆம் ரெஜிமெண்டோடு இந்தியா வந்தார். ஆக, நிலம் பிடித்த வீட்டில் பங்கு கிடைக்காதவரும், நிலம் பறிபோன வீட்டின் பிள்ளையும் எங்கள் ஊரில் மோதினார்கள். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று: பிரெஞ்சுப் படையில் இருந்தாலும் ஐரிஷ் ரெஜிமெண்டுகளுக்குச் சிவப்புச் சட்டைதான். இங்கிலீஷ்காரனுக்கும் சிவப்பு. நாற்று நட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு யார் யாரென்று எப்படித் தெரிந்திருக்கும்?

லாலி 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். தைரியசாலி, ஆனால் ஊர் தெரியாது, வாய் பொல்லாதது. பழைய கடனைக் கேட்டுத் தஞ்சாவூர்மேல் படை கொண்டுபோனார். வழியில் நாகூரைக் கொள்ளையடித்தார்கள். கோயில் பிராமணர்கள் ஆறு பேரை ஒற்றர் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். வண்டி இழுக்க மாடு கிடைக்காதபோது ஜாதி பார்க்காமல் மனிதர்களைப் பூட்டினார். (அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமத்துவம்.) அப்போது புதுச்சேரியில் உட்கார்ந்து ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நம் பக்கத்திலிருந்து இந்தக் கதையைப் பார்க்க அந்தச் சன்னல் இருக்கிறது.

1760 ஜனவரி 22. வந்தவாசிக் கோட்டை கூட்டின் ஆட்கள் கையில்; லாலி முற்றுகை போட, கூட் மீட்க வந்தார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 2,000 ஐரோப்பியர், அதோடு சிப்பாய்கள். ஏரிக்கரையில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து அணி குலைந்தது, புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி பிடிபட்டார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் சரணடைந்தது. சில நாள் முன்னால்தான் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியிருந்தார்.

லாலியைப் பிரான்சில் பாஸ்தீல் சிறையில் வைத்துத் துரோகி என்று தீர்ப்பெழுதி, 1766 மே 9-ல் வாயை அடைத்துக் கூட்டிப்போய்த் தலையை வெட்டினார்கள். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த அவருடைய மகனுக்கு, தன் அப்பா யார் என்பதே அந்த நேரத்தில்தான் தெரிந்ததாம். பதினைந்து வயசு. எழுத்தாளர் வோல்டேர் துணையோடு வழக்காடி 1778-ல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தான். வம்ச மரத்தில் தன் கிளையைத் தானே ஒட்டவைத்துக்கொண்ட பிள்ளை அவன்.

ஜெயித்த வீட்டுக் கதை வேறு. கம்பெனி வைரப்பிடி வாள் கொடுத்தது. ஹாம்ப்ஷயரில் வெஸ்ட் பார்க் என்ற பண்ணையை வாங்கினார் கூட். கடைசியில் சொந்த நிலம். மனைவி சூசன்னா, செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர் ஹட்சின்சனின் மகள். பிள்ளை இல்லை. வயசான காலத்தில் ஹைதர் அலியை எதிர்க்க மறுபடி கூப்பிட்டார்கள். 1781-ல் பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், சோளிங்கர். 1783 ஏப்ரலில் மெட்ராஸில் செத்தார். உடல் கப்பலேறி ஹாம்ப்ஷயர் போனது.

அயர்லாந்து நிலக்காரர் வம்சங்களுக்கென்றே பர்க் என்பவர் பெயரில் ஒரு தடிப்புத்தகம் உண்டு. வாரிசில்லாமல் போனவர் பெயருக்குப் பக்கத்தில் லத்தீன் சுருக்கமாக 'டி.எஸ்.பி.' என்று போடுவார்கள்.

"போலீஸா?" என்றாள் பேத்தி.

கூட்டின் சொத்து அதே பெயருடைய அண்ணன் மகனுக்குப் போனது. அவர் ஜமைக்காவுக்குக் கவர்னரானார். அங்கே ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை வழி வந்தவர்தான் அமெரிக்காவின் காலின் பவல் என்று சில வம்சாவளிக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் கம்பெனி காசில் கூட்டுக்குப் பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் நம்ம ஆள் ஒருத்தன் உண்டு. கைதியாக உட்கார்ந்திருப்பான், பெயர் இல்லாமல்.

வம்சம் எழுதி வைப்பதற்கு நிலம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் மகன், யாருக்கு மூத்தவன் என்று நிரூபித்தால்தான் பத்திரம் செல்லும். எங்கள் வீட்டில் நிரூபிக்க ஒன்றுமில்லை. குத்தகை நிலத்துக்கு வாய்ச்சொல்தான். 1903 நிலச் சட்டத்துக்குப் பிறகு அயர்லாந்தில் குத்தகைக்காரர்கள் பெருவாரியாக நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். மெட்ராஸில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. அதற்குள் அப்பா பம்பாய் ரயிலுக்குக் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தார்.

பேத்தி விடவில்லை. ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு எண்பத்தேழு.

"பாட்டன் பேரு எதுக்குடா? அந்தாளு குடிச்சுட்டுக் கெடந்தான். பாட்டி பேரக் கேளு, அவ அம்மா பேரக் கேளு, சொல்றேன்."

ஒன்றன்பின் ஒன்றாக நாலு பெயர் சொன்னாள். நான்காவது அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பென்சிலால் எழுதச் சொன்னேன்.