உள்ளே வாங்க, ஹேமர் பிறக்கிற இடம் இது!

ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது. தலையைக் குனிந்து வாருங்கள், கீழே பார்த்து நடங்கள். தரை முழுக்க நீலம் பாய்ந்த இரும்புச் சுருள். திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டை ஒட்டிய பட்டறை இது. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாறையை உடைத்து வெள்ளைப் புழுதி கக்கும்போது தெருவே கூடிவிடும். இந்த ஊர் வண்டிகள் கர்நாடகம், ஆந்திரம் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகின்றன. ஆனால் அவை பூமிக்குள் இறக்குகிற ஹேமரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, அதை யார் கடைகிறார்கள்? அதைப் பார்க்கத்தான் இப்போது உள்ளே நுழைந்திருக்கிறோம்!

பாறையைக் குத்தித் தேய்ந்துபோன பிட் ஒன்று கதவுக்கு முட்டு. இன்னொன்றின் மேல் டீ டம்ளர். சிஎன்சி மெஷினின் திரைக்கு மேல் ஆயுத பூஜையில் வைத்த சந்தனம் இன்னும் உதிரவில்லை. கூலன்ட் வாடையும் சூடான எண்ணெய் வாடையும் கலந்து மூக்கில் ஏறுகின்றன. மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் யாருடைய பனியனும் காய்ந்தபாடில்லை.

“ஏனுங்க, இதைத் தூக்கிப் பாருங்க” என்று ஒரு பிஸ்டனைக் காட்டுகிறார் பட்டறைக்காரர். தூக்க முடியவில்லை, சுற்றி நின்ற பையன்கள் சிரிக்கிறார்கள். இந்தக் கனம்தான் பாறையை உடைக்கிறது. கம்ப்ரஸரில் இருந்து வரும் காற்று இதை மேலே தூக்கும், கீழே பிட்டின் மேல் அறையும்; ஒரு நிமிடத்தில் ஆயிரம் தடவைக்கு மேல். ஹேமரைப் பிடித்திருக்கும் ராடு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு அடியும் பாறையின் புது இடத்தில் விழுகிறது.

என்னைத் துள்ள வைத்த சங்கதி இனிமேல்தான். இந்த ஹேமரில் காற்றைத் திருப்பிவிடத் தனி வால்வு கிடையாது. பிஸ்டனே ஓடுகிற ஓட்டத்தில் தன் உடம்பால் காற்றுவழிகளை, அதாவது போர்ட்டுகளை, திறந்து மூடிக்கொள்கிறது. 1991-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரின் ரோட்டரி என்ஜினும் இந்த ஜாதிதான்: அதிலும் வால்வு இல்லை, சுழலும் ரோட்டரே போர்ட்டைத் திறந்து மூடும். ரேஸ் மெக்கானிக்குகள் போர்ட்டின் விளிம்பைச் செதுக்கி வேகம் தேடுகிறார்கள். திருச்செங்கோட்டில் அதே விளிம்பைச் செதுக்கித் தண்ணீர் தேடுகிறார்கள்! விளிம்பு கொஞ்சம் தள்ளிப்போனாலும் காற்று நேரம் தப்பித் திறக்கும், அடி தளரும், டீசல் வீணாகும்.

அதனால்தான் சிஎன்சி. முன்பெல்லாம் குறி போட்டு, துளையிட்டு, அரத்தால் ராவி எடுத்த வேலை. இப்போது பிஸ்டனைக் கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல ரோட்டரி டேபிளில் பொருத்துகிறார்கள். கதவு மூடுகிறது, பச்சை பட்டன். வெள்ளையாகக் கூலன்ட் பீய்ச்சியடிக்க, கட்டர் இறங்கிக் காற்று போகும் ஒரு பள்ளத்தை வெட்டுகிறது. டேபிள் சரியாக ஒரு பாகம் திரும்பி நிற்க, அடுத்த பள்ளம். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிறேன். “சினிமாவே தேவையில்லீங்க” என்கிறார் ஆபரேட்டர் அண்ணன். எத்தனையோ பிஸ்டன் பார்த்தவர், அவரும் கண்ணை எடுக்கவில்லை.

பிஸ்டன் வெளியே வந்ததும் மெஷினை ஒதுக்கிவிட்டுக் கை வேலை தொடங்குகிறது. போர்ட்டின் விளிம்பில் ஆள்காட்டி விரலை மெல்ல ஓட்டுகிறார் ஒரு பெரியவர். பிசிறு எங்கே நிற்கிறது என்று விரல் சொல்லிவிடுகிறதாம். கிரைண்டரை எடுத்து இரண்டே இழுப்பு, மறுபடி விரல். விரல் நுனியெல்லாம் கீறல் தழும்பு. எல்லாத் துண்டும் இந்த விரலைத் தாண்டித்தான் சூடேற்றிக் கெட்டிப்படுத்தப் போகும், அப்புறம்தான் கிரைண்டிங் மெஷின். என் கண்ணுக்கு இந்தப் பட்டறையின் பெரிய ஆள் இவர்தான்.

கடைசியில் பொருத்தும் மேஜை. எண்ணெய் தடவிய பிஸ்டன் உறைக்குள் நழுவுகிறது. ஹேமரை இரண்டு பேர் சாய்க்க, உள்ளே ‘டொக்!’ எதிர்ப்பக்கம் சாய்க்க, மறுபடி ‘டொக்!’ தங்குதடையில்லாமல் ஓடுகிறதென்று அர்த்தம். பையன்கள் கை தட்டுகிறார்கள், நானும்தான்.

அதற்குள் வாசலில் ஒரு பிக்கப். உடம்பெல்லாம் கல்மாவு படிந்த டிரில்லர் ஒருவர் அடைத்துப்போன ஹேமரை இறக்குகிறார். நாமக்கல் பக்கம் 1,000 அடி போர் இன்று அதிசயமே இல்லை. இவருடைய வண்டி 700 அடியில் நிற்கிறது. “ராத்திரிக்குள்ள வேணுமுங்கண்ணா, தோட்டத்துக்காரரு கட்டிலு போட்டுக் காத்துட்டு இருக்காரு.” டீ டம்ளர்கள் பிட் மேல் இறங்குகின்றன. பெரியவர் பழைய பிஸ்டனைத் துணியால் துடைத்து விளிம்பைத் தடவுகிறார். ஆபரேட்டர் அண்ணன் திரையில் அடுத்த புரோகிராமைத் தேடத் தொடங்கிவிட்டார்.