பிட்காயின் படத்தில் அடியில் நிற்கும் கம்பங்கள்

போன தீபாவளிக்குப் புனேயிலிருந்து வந்த என் அக்கா மகன், சாப்பிட்ட கையோடு செல்போனை நீட்டினான். "மாமா, இந்தக் காயினைப் பாருங்க. மூணே நாள்ல ரெண்டு மடங்கு. வீடு வாங்க வச்சிருக்கிற பணத்துல பாதியை இதுல போடலாம்னு இருக்கேன்." மும்பையில் முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறான்!

நான் விலைக்கோட்டைப் பார்க்கவில்லை. அதற்கு அடியில் வரிசையாக நிற்கும் கம்பங்களைப் பார்த்தேன். அவைதான் வால்யூம். அந்தந்த நாளில் எவ்வளவு கைமாறியது என்ற கணக்கு. மாட்டுங்கா மார்க்கெட்டில் யாரோ ஒருவர் அவசரத்துக்கு ஒரு முருங்கைக்காயை முப்பது ரூபாய் கொடுத்து வாங்கினால் அது அவருடைய அவசரம். காலையிலிருந்து நூறு பேர் முப்பது கொடுத்து வாங்கிப் போனால் அதுதான் விலை. விலைக்கோட்டில் இரண்டும் ஒரே புள்ளிதான். வித்தியாசம் கம்பத்தில்தான் தெரியும்.

ஜோசப் கிரான்வில் என்ற அமெரிக்கர் 1963-ல் பங்குச்சந்தைக்காக எழுதிய புத்தகத்தில் ஒரு எளிய கணக்கைப் பிரபலப்படுத்தினார். விலை ஏறி முடிந்த நாளின் வால்யூமைக் கூட்டு, இறங்கிய நாளுடையதைக் கழி. விலை ஏறிக்கொண்டே போக, இந்தக் கூட்டுத்தொகை மட்டும் ஏறாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். கிரிப்டோ படங்களிலும் 'ஓபிவி' என்ற பெயரில் இதே கோடு வருகிறது.

இறக்கத்தில் கம்பம் உயர்ந்தால்? 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் சரிந்தது. கம்பமோ வானளாவ நின்றது. பயந்தவர்களெல்லாம் விற்றுத் தீர்த்தார்கள். மே மாதத்துக்குள் விலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதை நம்பி 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானபோது உயர்ந்த கம்பத்தைப் பார்த்து வாங்கியவர்கள், ஜனவரி வரை காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. ஆக, கம்பம் ஜோசியம் சொல்லாது.

இந்தச் சந்தைக்கு மணியடித்து மூடுகிற வழக்கமே இல்லை. பெரும்பாலான படங்களில் நாள் என்பது நம் காலை 5.30-க்குத்தான் மாறுகிறது. எட்டு மணிக்குக் காபி குடித்துக்கொண்டே "இன்னைக்கு வால்யூமே இல்லையே" என்றால், அது இரண்டரை மணி நேரத்துக் கணக்கு என்பதை மறக்கிறோம்.

பெரிய தொல்லை பொய்க்கணக்கு. ஒரே ஆள் இந்தக் கையால் விற்று அந்தக் கையால் வாங்கி, கூட்டம் இருப்பதாகக் காட்டலாம். பிட்காயினில் அன்று வெளியான வால்யூமில் 95 சதவீதம் போலி அல்லது பொருளற்றது என்று பிட்வைஸ் நிறுவனம் 2019 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் அறிக்கை கொடுத்தது. நம் நாட்டில் வேறு கதை. 2022 ஜூலை 1 முதல் விற்பனைக்கு 1 சதவீத வரிப்பிடித்தம் வந்ததும் இந்திய எக்ஸ்சேஞ்சுகளில் வியாபாரம் சுருங்கியது, பலர் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்குப் போனார்கள். பிட்காயின் மேல் ஆசை போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

மருமகன் காட்டிய காயினுக்கு வருகிறேன். முதல் நாள் கம்பம் உயரம், அடுத்த நாள் பாதி, மூன்றாம் நாள் அதிலும் பாதி. விலை மட்டும் மேலே. வியாபாரம் நடப்பதும் ஒரே எக்ஸ்சேஞ்சில்.

"நீ விக்கணும்னா யாருடா வாங்குவான்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

1992-ல், ஹர்ஷத் மேத்தா காலத்தில், மனைவியின் இரண்டு வளையலை விற்று நான் ஒரு கம்பெனிப் பங்கு வாங்கினேன். ஏப்ரலில் குட்டு உடைந்தது. அப்புறமும் பேப்பரில் தினமும் விலை வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. பக்கத்திலேயே எத்தனை பங்கு கைமாறியது என்று போட்டிருந்தார்கள். அதை நான் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது என்பதையும் சொன்னேன்.

அவன் வாங்கவில்லை. அடுத்த வாரம் அது இன்னும் கொஞ்சம் ஏறியது என்று போனில் குறைப்பட்டுக்கொண்டான். "கம்பம் எப்படிடா இருக்கு?" என்றேன். "குட்டையாத்தான் இருக்கு மாமா" என்றான்.