கரும்பு மண்ணில் கரிம உரங்களும் பாக்டீரியாவும்

தொழு உரம், மட்கு, பசுந்தாள் உரம், பிண்ணாக்கு, ஆலைக்கழிவு என உயிர்ப்பொருள்களிலிருந்து கிடைத்து மண்ணில் சேர்க்கப்படும் இடுபொருள்கள் கரிம உரங்கள் எனப்படும். இவற்றிலுள்ள சத்துகளில் பெரும்பகுதியைப் பயிர் நேரடியாக உண்பதில்லை. முதலில் மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் இவற்றைத் தின்கின்றன. அவை சிதைத்து வெளிவிடும் சத்துகளையே வேர்கள் எடுத்துக்கொள்கின்றன. எனவே ஒரு கரிம உரம் விளைச்சலைக் கூட்டுமா குறைக்குமா என்பது இடையிலிருக்கும் இந்த நுண்ணுயிர்களைப் பொறுத்தது.

கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள கள்ளக்குறிச்சிப் பகுதி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கரும்பு இங்கு முக்கியப் பயிர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்புச் சாற்றைத் தெளியவைத்து வடிகட்டும்போது தங்கும் கருமையான கசடே பிரஸ்மட். நூறு டன் கரும்பை அரைத்தால் மூன்று, நான்கு டன் பிரஸ்மட் கிடைக்கும். இதில் மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. கரும்புக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், அல்லது 25 டன் மட்கு, அல்லது 37.5 டன் பிரஸ்மட் கடைசி உழவுக்கு முன் இடலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆலையிலிருந்து வந்த சூட்டோடு அப்படியே இடுவது நல்லதன்று. அதிலுள்ள மெழுகு மட்குவதைத் தாமதப்படுத்தும். சிதையும்போது எழும் வெப்பம் இளம் வேரைத் தாக்கும்.

சோகையும் தழைச்சத்தும்

பாக்டீரியா வளர்வதற்குக் கரிமமும் தழைச்சத்தும் ஒருசேர வேண்டும். ஏறத்தாழ 24 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்ற அளவு அவற்றுக்குப் போதுமானது. கரும்புச் சோகையிலோ கரிமம் பல மடங்கு மிகை. அதை மண்ணில் கலந்ததும் பாக்டீரியா பெருகும். ஆனால் சோகையில் கிடைக்காத தழைச்சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பயிர் வெளிறி மஞ்சளாகும். "இயற்கை உரம் போட்டேன், பயிர் சோர்ந்துவிட்டது" என்ற குறைக்குப் பல வேளைகளில் காரணம் இதுதான். அந்தச் சத்து தொலைந்துபோவதில்லை. நுண்ணுயிர்கள் மடியும்போது மண்ணுக்குத் திரும்பும். சோகையின் மீது சிறிது யூரியா தூவினால் இந்த இடைக்காலம் சுருங்கும். சோகையை எரித்துவிட்டாலோ கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய முழுவதும் புகையாகிவிடும்.

கோயம்புத்தூர் நிரந்தர உரப் பரிசோதனை

உரத்தின் விளைவை ஓரிரு பருவங்களில் அறிய முடியாது. கோயம்புத்தூரில் 1909-இல் மானாவாரி நிலத்திலும் 1925-இல் பாசன நிலத்திலும் நிரந்தர உரப் பரிசோதனைகள் தொடங்கப்பட்டன. தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பெறும் பாத்திகள், மாட்டு எரு மட்டும் பெறும் பாத்திகள், எதுவும் பெறாத பாத்திகள் எனப் பிரித்து, ஆண்டுதோறும் அதே உரம் அதே பாத்திக்கே இடப்படுகிறது. எரு பெற்ற பாத்திகளில் அங்ககக் கரிமமும் நுண்ணுயிர்த் திரளும் நொதிச் செயல்பாடும் உயர்ந்தன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் எரு பெற்றுவரும் கோதுமை வயலிலும், எரு காணாத பாத்திகளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கரிமம் சேர்ந்துள்ளது.

நுண்ணுயிர்களை எண்ணுவதும் எளிதன்று. ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணினால், மண்ணில் உள்ளவற்றில் நூற்றில் ஒன்று போலத்தான் முளைக்கும். அதனால் மண்ணைக் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்து, மடிந்த உயிரணுக்களிலிருந்து வெளிப்படும் கரிமத்தை அளக்கும் முறை 1976 முதல் பரவியது.

விளைச்சல் கணக்கு

நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். 12.5 டன்னில் சுமார் 62 கிலோ கிடைக்கும். அதிலும் ஒரு பகுதியே முதல் பருவத்தில் விடுபடும். கரும்புக்குப் பரிந்துரைக்கப்படுவதோ எக்டேருக்கு 275 கிலோவும் அதற்கு மேலும். ரசாயன உரத்தை ஒரே ஆண்டில் முற்றாக நிறுத்துபவர் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார். இலங்கை 2021-இல் ஒரு நாடாகவே விழுந்தது. ரசாயன உர இறக்குமதிக்கு விதித்த தடையால் நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. இதற்கிடையே சீனாவிலிருந்து வரவிருந்த கரிம உரத்தின் மாதிரிகளில் எர்வினியா என்னும் பயிர்நோய்ப் பாக்டீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் கூறியது. உற்பத்தியாளர் அதை மறுத்தார். சரியாக மட்காத கரிம உரம் நோய்க்கிருமியையும் சுமந்து வரலாம் என்பது பலர் நினைத்துப்பாராத செய்தி.

கரும்புக்குத் துணையாகும் பாக்டீரியாவும் உண்டு. 1980-களில் பிரேசிலில் யோகன்னா டோபரைனரின் குழு கரும்புத் தண்டுக்குள்ளேயே வாழ்ந்து காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாவைக் கண்டறிந்தது. இன்று குளுக்கோனசிட்டோபாக்டர் எனப்படும் அது, அசோஸ்பைரில்லம் போலவே தமிழ்நாட்டிலும் உயிர் உரமாகப் பயன்படுகிறது. இவற்றைப் பொடித்த தொழு உரத்தோடு கலந்து தூருக்கு அருகில் இட்டு, உடனே நீர் பாய்ச்ச வேண்டும். ரசாயன உரத்தோடு கலக்கக்கூடாது. அங்ககக் கரிமம் வற்றிய மண்ணில் பாக்கெட்டை மட்டும் வாங்கி இட்டால், அந்தப் பாக்டீரியாவுக்கு அங்கே தின்ன எதுவும் இருக்காது.