முதலில் உப்பு, பிறகே அமிலம்

பக்ரீத் முடிந்த மறுநாள் மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஆட்டுத் தோல் மலிவு. வாங்க ஆள் வராத வருஷங்களில் மண்ணில் புதைப்பதும் உண்டு. மற்றபடி கேரளத்துத் தோலில் பெரும்பகுதி ஈரோடு, திண்டுக்கல், வேலூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்கே லாரி ஏறுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்களுக்கு, "ஒரு தோலை வீட்டிலேயே பதனிட்டால் என்ன, உட்கார விரிப்பாகுமே" என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றியது.

கழுவி, சவ்வு சீவி, வாளித் தண்ணீரில் வினிகரை ஊற்றித் தோலை முக்கினேன். உப்பு போதாது. வாங்கி வரலாம் என்று கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் தோல் ஜவ்வரிசி போல் ஊதிக் கிடந்தது. பிறகு எவ்வளவு உப்பைக் கொட்டியும் பயனில்லை. காய்ந்ததும் மேல்புறம் வெடித்துவிட்டது.

அமிலம் பட்டால் தோலின் நார்கள் தண்ணீரை இழுத்து வீங்கும். உப்புக் கரைசலோ அந்த வீக்கத்தைத் தடுக்கும். எனவே உப்பு முந்த வேண்டும். தோல் ஷாப்புகளில் இதற்குப் 'பிக்கிள்' என்றே பெயர். ஊறுகாய்க்குப் போடும் அதே உப்பும் புளிப்பும்தான்!

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நம் பாட்டனார்களுக்கு இந்த வேலை அவசியமாயிருக்கவில்லை. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ல் தொடங்கிய சோதனைகளால் குரோம் முறை இங்கே அறிமுகமாயிற்று. புளிப்பேறாத தோலில் குரோம் மேலேயே படிந்துவிடும், நடுப்பகுதி பச்சையாக நிற்கும். படிகாரமும் ஏறக்குறைய அப்படித்தான். பிக்கிள் ஆன தோல் மாதக்கணக்கில் கெடாது. நியூஸிலாந்துச் செம்மறித் தோல் அந்த நிலையிலேயே கப்பல் ஏறும்.

வீட்டு அளவு இது: வினிகர் பாதி, தண்ணீர் பாதி, லிட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாமல் கல்லுப்பு. தண்ணீரில் உப்பு முழுதும் கரைந்து, தோல் அதில் சற்று ஊறிய பின்பே வினிகர். பிளாஸ்டிக் தொட்டி நல்லது. அலுமினியம், இரும்பு ஆகாது. மூன்று நாள், அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்துப் பக்கம் தோல் தடிப்பு. அங்கே ஓரத்தை நறுக்கி, வெட்டுவாயில் பி.எச். தாளை ஒற்றிப் பாருங்கள். 3-க்கு மேல் காட்டினால் இன்னும் ஊறட்டும். பிறகு படிகாரம். தோல் ஷாப்பில் ஊற்றுகிறார்களே என்று கந்தக அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கொச்சியின் புழுக்கத்தில் இன்னொன்று. அறுத்த சில மணி நேரத்துக்குள் தோலின் எடையில் பாதியளவு உப்பைத் தேய்க்காவிட்டால் ரோமம் கழலத் தொடங்கும். அதற்குப் பிக்கிளும் மருந்தல்ல. நோயில் செத்த ஆட்டின் தோலைத் தொடவே கூடாது. அடைப்பான் நோய் மனிதனையும் பிடிக்கும்.

கழிவு நீர்தான் பெரிய தலைவலி. சோடா உப்புப் போட்டால் புளிப்பு முறியும், உப்பு எங்கே போகும்? பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்த தோல் ஷாப்புக் கழிவில் உப்பும் முக்கியமானது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. உங்களுடையது ஒரு வாளிதான். ஆனாலும் கிணற்றடியிலும் தென்னை மூட்டிலும் ஊற்றாதீர்கள். புளிப்பை முறித்து, நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடுங்கள்.