மருத்துவத்தில் பொருளியல் மதிப்பீடு

மருத்துவத்தில் பொருளியல் மதிப்பீடு என்பது ஒரு மருந்து, கருவி அல்லது சிகிச்சை தரும் பயனை அதற்காகும் செலவோடு ஒப்பிட்டு, அச்செலவைப் பொதுநிதியோ காப்பீட்டு நிதியோ ஏற்கலாமா என்று முடிவு செய்ய உதவும் ஆய்வுமுறை ஆகும். ஒரு மருந்து பயன் தருமா, பாதுகாப்பானதா என்னும் இரு கேள்விகளை மருந்துக்கு உரிமம் வழங்கும் அமைப்புகள் கேட்கின்றன. அவற்றுக்கு ஆம் என விடை கிடைத்த பின்னர், "இந்த விலைக்கு இது தகுமா?" என்னும் மூன்றாவது கேள்வியைப் பொருளியல் மதிப்பீடு எழுப்புகிறது.

இம்மூன்றாவது கேள்வி எவருக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்பதோடு நின்றுவிடுவதில்லை. மருந்து நிறுவனங்கள் வைக்கும் விலையையும், அவை எந்த நோய்க்கு மருந்து தேடலாம் என எடுக்கும் முடிவையும் அது பாதிக்கிறது. இங்கிலாந்தில் இதுபற்றிய முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும் பெருமளவு வெளிப்படையாகப் பதிப்பிக்கப்பட்டு வருவதால், இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டின் எடுத்துக்காட்டுகளையே கையாள்கிறது.

தோற்றம்

புதிய மருந்துகளின் செலவை அரசு ஏற்பதற்குப் பொருளியல் சான்று கட்டாயம் என்னும் விதியை நாடளவில் முதலில் நடைமுறைப்படுத்தியது ஆஸ்திரேலியா. அங்கு 1993 சனவரி முதல் இது நடப்பில் உள்ளது. இங்கிலாந்தில் 1999 ஏப்ரலில் நைஸ் என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒரே மருந்தை ஒரு வட்டார நலவாழ்வு நிருவாகம் வழங்கும். பக்கத்து வட்டாரம் மறுக்கும். நோயாளி குடியிருக்கும் ஊரே அவருடைய சிகிச்சையை முடிவு செய்த இந்நிலையை நீக்குவது நைசின் நோக்கங்களுள் ஒன்று. அதன் முழுப்பெயர் 2005இலும் 2013இலும் மாறியபோதும் சுருக்கப்பெயர் மாறவில்லை. நைஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இனிமையானது என்று பொருள். மருந்துகளை மறுத்த காலங்களில் செய்தித்தாள்கள் இப்பெயரைக் கேலி செய்யத் தவறவில்லை.

நைஸ் ஒரு மருந்தை ஏற்றுப் பரிந்துரைத்தால், தேசிய நலவாழ்வுச் சேவை பொதுவாக மூன்று மாதங்களுக்குள் அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். இக்கட்டாயம் 2002 சனவரியில் வந்தது. அதுவரை அறிவுரையாக இருந்த நைசின் சொல், அதன்பின் பணத்தை அசைக்கும் ஆணையாயிற்று.

குவாலி என்னும் அலகு

புற்றுநோய் மருந்தையும் மூட்டு மாற்று அறுவையையும் எவ்வாறு ஒப்பிடுவது? ஒன்று வாழ்நாளை நீட்டுகிறது. மற்றது வலியைக் குறைக்கிறது. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்கப் பயன்படுவது "தரம் சரிசெய்த வாழ்வாண்டு" ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது குவாலி எனப்படுகிறது. முழு உடல்நலத்தோடு வாழும் ஓராண்டு 1 குவாலி, இறப்பு 0. இடைப்பட்ட உடல்நிலைகளுக்கு இடைப்பட்ட எண்கள் உண்டு. இறப்பைவிடத் தாங்க இயலாதவை என மக்கள் கருதும் சில நிலைகள் எதிர்ம எண்ணும் பெறுகின்றன.

இவ்வெண்களைப் பொதுமக்களிடமிருந்தே பெறுகின்றனர். நடமாட்டம், தன்னைத் தானே பேணுதல், அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்து கூறுகளால் ஓர் உடல்நிலை விவரிக்கப்படும். "இந்நிலையில் பத்தாண்டுகள் வாழ்வதற்குப் பதிலாக முழு நலத்தோடு எத்தனை ஆண்டுகள் கிடைத்தால் போதும் என்பீர்கள்?" என்பது வழக்கமான கேள்வி. ஒருவர் ஆறு ஆண்டுகள் என்றால் அந்நிலையின் மதிப்பு 0.6.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பழைய சிகிச்சையில் நோயாளி 0.5 மதிப்புள்ள நிலையில் 2 ஆண்டுகள் வாழ்கிறார், கிடைப்பது 1.0 குவாலி. புதிய மருந்தால் 0.6 மதிப்புள்ள நிலையில் 3 ஆண்டுகள் வாழ்கிறார்; கிடைப்பது 1.8 குவாலி. கூடுதல் பயன் 0.8. புதிய மருந்துக்கு 40,000 பவுண்டு கூடுதலாகச் செலவானால், ஒரு குவாலி பெற ஆகும் செலவு 50,000 பவுண்டு. (மெய்யான மதிப்பீடுகளில் எதிர்காலச் செலவையும் பயனையும் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வீதம் கழித்துக் கணக்கிடுவர். இங்கு எளிமை கருதி அது விடப்பட்டுள்ளது.)

வரம்பும் விலையும்

இத்தொகை அதிகமா, குறைவா என்று சொல்ல ஒரு வரம்பு தேவை. நைஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரையான வரம்பைக் கையாண்டு வந்தது. அதன்படி மேற்கண்ட மருந்து நிராகரிக்கப்படும்.

ஆனால் பெரும்பாலும் கதை அத்துடன் முடிவதில்லை. வரம்பு அனைவருக்கும் தெரிந்ததே. 0.8 குவாலி தரும் மருந்துக்கு 30,000 பவுண்டு வரம்பில் கிடைக்கக்கூடிய உச்சக் கூடுதல் தொகை 24,000 பவுண்டு என்பதை நிறுவனமும் கணக்கிடும். ஆகவே 40,000 கேட்டவர் 24,000க்கு இறங்கி வருவார். 15,000க்கு விற்றாலும் ஆதாயம் காணக்கூடியவர் அதே 24,000க்கு ஏறி வருவார். வரம்பு விலைக்குக் கூரையாக அமைவதோடு, விலை வந்து நிற்கும் இடமாகவும் ஆகிவிடுகிறது. இத்துறையில் புதிதாக நுழையும் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி இது.

நைசின் முதல் மதிப்பீடே மோதலில் தொடங்கியது. இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்கான சனாமிவிர் என்னும் மருந்தை 1999-2000 குளிர்காலத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று 1999 அக்டோபரில் அது கூறியது. தயாரிப்பாளரான கிளாக்சோ வெல்கம் கடுமையாக எதிர்த்தது. மேலும் சான்றுகள் கிடைத்தபின், 2000 நவம்பரில் அதே மருந்து முதியோர் உள்ளிட்ட இடர்மிகு பிரிவினருக்கு மட்டும் பரிந்துரைக்கப்பட்டது.

பின்னாளில் நிறுவனங்கள் மோதலைவிடப் பேரத்தை நாடின. மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கான போர்ட்டெசோமிப் மருந்து 2007இல் ஏற்கப்பட்ட விதம் குறிப்பிடத்தக்கது. நான்கு சுற்றுச் சிகிச்சைக்குள் போதிய பலன் தெரியாத நோயாளிகளுக்கான மருந்துச் செலவைத் தயாரிப்பாளரே திருப்பித் தருவதாக உடன்பட்டார். எல்லா ஏற்பாடுகளும் இவ்வளவு தெளிவாக அமையவில்லை. தண்டுவட மரப்பு நோய்க்கான பீட்டா இன்டர்ஃபெரான் மருந்துகளை நைஸ் 2002இல் ஏற்கவில்லை. நோயாளிகளின் நிலையைப் பத்தாண்டுகள் கண்காணித்து, பலன் குறைந்தால் விலையைக் குறைப்பது என்னும் திட்டத்தின் கீழ் அரசு அவற்றை வழங்கியது. 2009இல் வெளியான இரண்டாண்டு முடிவுகள் எதிர்பார்ப்புக்குக் கீழாக இருந்தும் விலை குறைக்கப்படவில்லை. முடிவு செய்யக் காலம் போதாது என்று காரணம் கூறப்பட்டது. இன்று பல உடன்பாடுகள் இரகசியத் தள்ளுபடிகளாகவே உள்ளன. ஆகையால் அறிவிக்கப்பட்ட விலையைக் கொண்டு மெய்விலையை அறிய இயலாது.

கண்ணில் படாத நோயாளி

மருந்து மறுக்கப்பட்ட நோயாளிக்குப் பெயரும் முகமும் உண்டு. அவருடைய குடும்பத்தினர் தொலைக்காட்சியில் பேசுவர். அம்மருந்து ஏற்கப்பட்டால் அந்தப் பணம் வேறெங்கோ குறைந்தாக வேண்டும் என்பதும் உண்மை. நலவாழ்வுச் சேவையின் நிதி ஓர் எல்லைக்கு உட்பட்டது. எங்கோ ஒரு மனநலப் பிரிவில் செவிலியர் குறைவார். வேறோர் இடத்தில் அறுவைக்குக் காத்திருப்போர் வரிசை நீளும். இழப்புக்கு ஆளானவர் தாம் இழந்ததை அறியவே மாட்டார். இதைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர்.

இந்த இழப்பை அளக்க முயன்ற யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளாக்சுட்டன் குழுவினரின் ஆய்வு 2015இல் வெளியானது. நலவாழ்வுச் சேவை ஏற்கனவே செய்துவரும் பணிகளில் ஒரு குவாலியைப் பெற ஆகும் செலவு 12,936 பவுண்டு என்று அது மதிப்பிட்டது. இதை ஏற்றால், நமது கற்பனை மருந்துக்கு 24,000 பவுண்டு கொடுக்கும்போது ஒருவர் 0.8 குவாலி பெறுகிறார். முகம் தெரியாத பிறர் ஏறத்தாழ 1.9 குவாலி இழக்கின்றனர். 2024 திசம்பரில் லான்செட் இதழில் வந்த ஆய்வொன்று இதே கேள்வியை விரிவாக எழுப்பியது. 2000 முதல் 2020 வரை நைஸ் பரிந்துரைத்த புதிய மருந்துகள் சுமார் 7,500 கோடி பவுண்டு செலவில் 37.5 இலட்சம் குவாலி தந்தன எனவும், அப்பணம் பிற சேவைகளுக்குச் சென்றிருந்தால் ஏறத்தாழ 50 இலட்சம் கிடைத்திருக்கும் எனவும் அது கணித்தது. இத்தகைய மதிப்பீடுகள் பல எடுகோள்களைச் சார்ந்தவை. மருந்துத் துறையினர் இவற்றை ஏற்பதில்லை. எனினும் வரம்பு மிகத் தாழ்வானது என்னும் பரவலான குற்றச்சாட்டை இவை கேள்விக்கு உள்ளாக்குகின்றன.

அரசியல் அழுத்தம் மேல்நோக்கியே இருந்து வந்துள்ளது. 2009இல், இறுதிக் கட்டத்தில் உள்ள நோயாளிகளின் வாழ்நாளைக் குறைந்தது மூன்று மாதம் நீட்டும் மருந்துகளுக்கு வரம்பு நடைமுறையில் 50,000 பவுண்டு வரை தளர்த்தப்பட்டது. 2022இல் இவ்விதிக்குப் பதிலாக நோயின் கடுமைக்கேற்பக் குவாலியை 1.2 அல்லது 1.7 ஆல் பெருக்கும் முறை வந்தது. இடையில், நைஸ் மறுத்த புற்றுநோய் மருந்துகளை வழங்குவதற்கென்றே 2011இல் ஆண்டுக்கு 20 கோடி பவுண்டில் ஒரு தனிநிதி தொடங்கப்பட்டது. 2016இல் சீரமைக்கப்படும் முன்னர் இம்முயற்சிக்கு மொத்தம் 127 கோடி பவுண்டு செலவாயிற்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நிதி ஏற்ற 47 மருந்துப் பயன்பாடுகளுள் 18 மட்டுமே வாழ்நாளை நீட்டியதற்குப் புள்ளியியல் சான்று உண்டு என்றும், அந்நீட்சியின் இடைநிலை அளவு 3.1 மாதம் என்றும் கண்டது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய இந்நிதி, மதிப்பீட்டைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்றாகிவிட்டது.

2025 திசம்பரில் வரம்பே உயர்ந்தது. அமெரிக்காவோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பகுதியாக, ஐக்கிய இராச்சியம் அதை 25,000 முதல் 35,000 பவுண்டு வரை உயர்த்துவதாக அறிவித்தது. பிரித்தானிய மருந்துகளுக்கு அமெரிக்கச் சுங்கவரியிலிருந்து விலக்கு என்பது மறுதட்டில் இருந்தது.

கண்டுபிடிப்பின் மீதான தாக்கம்

குவாலிக்குப் பணம் தரும் முறை, குவாலி எளிதில் கணக்கிடப்படும் இடங்களுக்கு ஆராய்ச்சியை ஈர்க்கிறது. அரிய நோய்களுக்கு நைஸ் 2017 முதல் 1,00,000 பவுண்டில் தொடங்கும் தனி வரம்பைக் கையாள்வது, அத்துறையில் முதலிட ஒரு தூண்டுதலாகும்.

நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் நிலை நேர்மாறானது. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளுக்கென ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்தால், அதை இயன்றவரை பயன்படுத்தாமல் காத்துவைப்பதே அறிவுடைமை. ஆனால் மாத்திரைக் கணக்கில் விற்று வாழும் நிறுவனத்துக்கு, விற்பனையாகாத மருந்து நட்டமே. பல நிறுவனங்கள் இத்துறையைக் கைவிட்டதற்கு இது முதன்மையான காரணம். இங்கிலாந்து இதற்கு ஒரு புதுவழியை முயன்றது. செஃப்டாசிடைம்-அவிபாக்டம், செஃபிடெரோகால் ஆகிய இரு மருந்துகள் சமூகம் முழுமைக்கும் தரும் குவாலியை நைஸ் மதிப்பிட்டது. கிருமிப் பரவலைத் தடுப்பது, இருப்பில் இருப்பதாலேயே கிடைக்கும் காப்பு ஆகியவையும் கருத்தில் கொள்ளப்பட்டன. அதன்படி 2022 முதல், எத்தனை நோயாளிகளுக்குப் பயன்பட்டாலும் பயன்படாவிட்டாலும், ஒவ்வொரு மருந்துக்கும் ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை சந்தா போலச் செலுத்தப்பட்டது. தீயணைப்பு நிலையத்துக்கு அணைத்த தீயின் எண்ணிக்கையைப் பார்த்து ஊதியம் தருவதில்லை என்பதை ஒத்தது இது.

எதிர்ப்புகளும் பிற நாடுகளும்

மாற்றுத்திறன் கொண்டவரின் ஓராண்டுக்கு 1க்குக் குறைந்த எண்ணைத் தருவதால், அவருடைய உயிரை நீட்டும் சிகிச்சை குறைந்த குவாலியே பெறும் என்பது இம்முறை மீதான மிக வலிமையான எதிர்ப்பு. இதற்கு நிறைவான விடை இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு நலவாழ்வுச் சட்டம், நோயாளி மைய ஆய்வுகளுக்கென அமைத்த நிறுவனம் குவாலிச் செலவு வரம்பைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. செருமனியில் 2011 முதல், புதிய மருந்து பழையதைவிட எவ்வளவு கூடுதல் பயன் தருகிறது என்பதை முதலில் தரப்படுத்தி, அதன்பின் விலை பேசுகின்றனர். இந்தியாவில் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென ஓர் அமைப்பு 2017இல் நலவாழ்வு ஆய்வுத் துறையின்கீழ் தொடங்கப்பட்டது.