பூவைத் தொடக்கூடாத நாள்களில் பூ வரைதல்

கீமோதெரபி பெறுவோரின் அறையில் பூச்சாடி வைக்க நாங்கள் அனுமதிப்பதில்லை. வீடு திரும்பிய பின்னரும், தோட்டத்து மண்ணைக் கிளற வேண்டாம் என்கிறோம். ஆண்டுக்கணக்கில் செம்பருத்தியும் சாமந்தியும் வளர்த்தவர்களுக்கு இது சிறிய இழப்பன்று என்பதை அறிவோம்.

இத்தடைக்குக் காரணம் உண்டு. மண்ணிலும் மட்கும் இலைகளிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் வாழ்கின்றன. பூச்சாடியில் தேங்கிய நீரில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பல மருந்துகளில், சிகிச்சைக்குப் பின் 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைகின்றன. அவற்றுள் கிருமிகளை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில், ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழ் இறங்கினால், பிறரை ஒன்றும் செய்யாத கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

அதற்காகப் பூக்களை முற்றிலும் மறக்க வேண்டியதில்லை. சன்னல் வழியே பார்த்தோ, வீட்டார் எடுத்த புகைப்படத்தைக் கொண்டோ, அவற்றை அக்ரிலிக் வண்ணத்தில் தடிப்பாக வரையலாம். எண்ணெய் வண்ணத்திற்கு வேண்டிய டர்பன்டைனின் வாடை குமட்டலைத் தூண்டக்கூடும். அக்ரிலிக்கிற்கு நீரே போதும். நுண்ணிய கோடுகளும் தேவையில்லை. வின்கிரிஸ்டின், பாக்லிடாக்செல் போன்ற மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போனவர்களும், முனை மழுங்கிய பிளாஸ்டிக் கத்தியால் வண்ணத்தை அள்ளி, ஓர் இழுப்புக்கு ஓர் இதழாக அட்டையில் பதிக்கலாம். கைப்பிடியில் துணி சுற்றினால் பிடிப்பது எளிது. ஒற்றைச் செம்பருத்திக்கு ஐந்து இழுப்புகள் போதும். சாமந்திக்கு வெளிவட்டத்தில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக உள்நோக்கி வரவேண்டும். தடித்த வண்ணம் உள்வரை உலர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். களைப்புற்றவர்களுக்கு அதுவும் நன்றே: ஒரு நாளைக்கு ஒரு பூ போதும். உலர்ந்தபின் இதழின் மேடுபள்ளத்தை விரலால் தடவிப் பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகள். தூரிகையும் கத்தியும் கழுவும் நீரை ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டு, குவளையைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்; தேங்கவிட்டால் அதுவும் பூச்சாடி நீரே. தட்டணுக்கள் குறைந்திருந்தால் கூரிய உலோகக் கத்தி வேண்டாம். கையில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கையுறை அணியுங்கள். சில நிறங்களில் காட்மியம் இருப்பதால், உலர்ந்த வண்ணத்தைத் தேய்த்துத் தூளாக்காதீர்கள்.

உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டினால், நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பாரசிட்டமால் விழுங்கிவிட்டுக் காத்திருக்கக்கூடாது.

ஓவியம் வெள்ளணுக்களை உயர்த்தாது. ஆயினும் அவை உயரும்வரை காத்திருக்கும் நீண்ட பகல்களை நகர்த்த உதவும். உடனிருப்போருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: பூவைப் பறித்து வராதீர்கள்; காலையில் மலர்ந்ததைப் படமெடுத்து வாருங்கள். அணுக்கள் மீண்டதும், எப்போது மண்ணைத் தொடலாம் என்பதை நாங்களே சொல்வோம்.